யுசுகோவை மூன்றாம் வகுப்புக்கே திருப்பி அனுப்பக் கோரி

கடலோர வட்டம், ஹமாசே நகரம்
ஏப்ரல் 20, ஞாயிறு

ஹமாசே நாளிதழின் ஆசிரியர், மதிப்பிற்குரிய நிஷினா தகெஹிகோ அவர்களின் சமூகத்துக்கு, நகராட்சிக் குடிமக்கள் பதிவேட்டுப் பிரிவில் முப்பத்தெட்டு வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்ற இதாகுரா மிட்சுனோரி பணிவுடன் எழுதிக்கொள்வது.

கோயில் மேட்டில் செர்ரிப் பூ கொட்டித் தீர்ந்து, வாய்க்காலில் மிதந்த இதழ்களையும் நகராட்சி ஆட்கள் அள்ளிக்கொண்டு போய்விட்ட இந்த நாளில், தாங்களும் தங்கள் அலுவலகத்தாரும் சளி இருமல் இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். பருவம் விசாரித்தாயிற்று. தாங்கள் என் மனைவி சுமியேயின் உடன்பிறந்த தம்பி என்பதும், போன புத்தாண்டுக்கு எங்கள் வீட்டில் மூன்று நாள் தங்கி முள்ளங்கி ஊறுகாய் ஜாடியைக் காலி செய்தீர்கள் என்பதும் இந்தக் கடிதத்துக்குச் சம்பந்தம் இல்லாத விஷயங்கள். வாசகன் என்ற முறையிலேயே எழுதுகிறேன். 'மாப்பிள்ளை' என்று வருகிற வாயை அடக்கிக்கொண்டு 'ஆசிரியர் அவர்கள்' என்கிறேன். எத்தனை பக்கத்துக்கு இது தாங்கும் என்று சொல்ல முடியாது.

இந்த மாதம் எட்டாம் தேதி செவ்வாய்க்கிழமை காலை ஆறு நாற்பதுக்கு, வழக்கம்போல் தங்கள் நாளிதழைக் கடைசிப் பக்கத்திலிருந்து பிரித்தேன். முதல் பக்கத்தில் உலகம் எப்படியோ போகட்டும். கடைசிப் பக்கத்து நாலு கட்டச் சித்திரக்கதையில், அதாவது 'சகாகி வீட்டுக் காலை'யில், யுசுகோ சௌக்கியமாக இருக்கிறாளா என்று பார்த்த பிறகுதான் எனக்கு மிசோ சூப் தொண்டையில் இறங்கும். நாற்பத்தொரு வருஷப் பழக்கம். முதல் கட்டத்தில் யுசுகோ காலணி மாட்டுகிறாள். இரண்டாவதில் அவள் அம்மா "கைக்குட்டை, கைக்குட்டை!" என்று பின்னால் ஓடி வருகிறாள். மூன்றாவதில் பாலத்தைத் தாண்டுகிறாள். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. பள்ளிக்கூடம் திறக்கிற நாளில் ஒவ்வொரு வருஷமும் இதுதான் நடக்கும். நாலாவது கட்டத்தில் மூன்றாம் வகுப்புக் கதவைத் திறந்துகொண்டு போய், போன வருஷம் பார்த்த அதே டீச்சருக்குப் புதிதாகப் பார்ப்பவள்போல வணக்கம் சொல்வாள். நாற்பது ஏப்ரல் அப்படித்தான் சொன்னாள். இந்த ஏப்ரலில் அந்தக் கதவுக்கு மேலே தொங்கிய பலகையில் 'நான்காம் வகுப்பு' என்று எழுதியிருந்தது.

சூப் கிண்ணம் என் கையிலிருந்து எப்போது போனது என்று தெரியாது. தொடை சுட்ட பிறகுதான் தெரிந்தது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன், நான்கேதான். அச்சுப்பிழை என்று மனதைத் தேற்றிக்கொண்டு தங்கள் அலுவலகத்துக்குத் தொலைபேசினேன். ஒரு பெண் எடுத்தாள்.

"கடைசிப் பக்கத்துல ஒரு பெரிய தப்பு நடந்திருக்கும்மா."

"எந்தச் செய்திங்க?"

"செய்தி இல்ல. யுசுகோ நாலாங்கிளாஸ் போயிட்டா."

"ஆமாங்க, போயிட்டா! நல்லா இருந்துச்சுல்ல?"

"என்னம்மா நல்லா இருந்துச்சு? யாரக் கேட்டுப் போனா?"

"பாஸ் ஆயிட்டாங்க" என்றாள் அந்தப் பெண், கொஞ்சமும் கூசாமல்.

அதற்குப் பிறகு தாங்களே தொலைபேசியில் வந்து சொன்னதைத் தாங்களே மறந்திருக்கலாம், நான் மறக்கவில்லை. "அத்தான், படம் போடுற நெமோதோ அம்மாவுக்கு எழுபத்தெட்டு முடிஞ்சிருச்சு. 'நான் போறதுக்குள்ள இவ கொஞ்சமாச்சும் வளர்ந்து பாத்துடணும்'னு ஒத்தக் கால்ல நிக்கிறாங்க. இனிமே வருஷத்துக்கு ஒரு வகுப்பு. ஊரே சந்தோஷப்படுது, நீங்க மட்டும் ஏன் எழவு விழுந்த மாதிரி பேசுறீங்க?" என்றீர்கள். ஆசிரியர் பொறுப்பில் இருப்பவர் பேசுகிற பேச்சா அது?

வீட்டில் இன்னொரு அதிர்ச்சி காத்திருந்தது. அன்று மத்தியானம் சுமியே சிவப்புப் பயறு போட்ட சோறு வைத்திருந்தாள். கல்யாணத்துக்கும் பரீட்சை பாஸானதற்கும் வைக்கிற அதே சிவப்புச் சோறு, மேலே எள்ளும் உப்பும் தூவி. "எதுக்குடி இது?" என்றேன். "பொண்ணு நாலாங்கிளாஸ் போயிருக்கா, வெள்ளச் சோறு வெப்பாங்களா?" என்று கேட்டுவிட்டு, "நாப்பத்தோரு வருஷம் ஒரே கிளாஸ்ல உக்கார வெச்சா அது படிக்கிற பொண்ணா, பெயிலான பொண்ணா?" என்று தங்கள் அக்கா எனக்கு இரண்டாம் தடவை பரிமாறினாள். கோபத்தில் இருந்தாலும் சாப்பிட்டேன். சோறு நன்றாகத்தான் இருந்தது.

சாப்பிட்டுவிட்டுப் பழைய பத்திரிகைக் கட்டை இறக்கி முதல் நாள் சித்திரத்தைப் பார்த்தேன். அங்கேதான் எனக்கு மூன்றாவது அடி விழுந்தது. அதில் குடும்ப அறிமுகம் போட்டிருக்கிறார்கள்: யுசுகோ, எட்டு வயது. தாத்தா கென்சோ, அறுபத்து மூன்று வயது. அறுபத்து மூன்று! கூன் விழுந்த முதுகும், கைத்தடியும், நடுங்குகிற கையும், மூன்றாவது கட்டம் வந்தால் தவறாமல் வருகிற இருமலும், நெற்றியில் ஏற்றி வைத்த கண்ணாடியை வீடெல்லாம் தேடுகிற கூத்தும் எல்லாம் அறுபத்து மூன்று வயதுக்கு! அதைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தபோது எனக்கு முப்பத்தொன்று. இப்போது எழுபத்திரண்டு. இடையில் எந்த நாளில் நான் அந்த ஆளைத் தாண்டிப் போனேன் என்றே கவனிக்கவில்லை. முறைப்படி பார்த்தால் கென்சோ எனக்கு ஒன்பது வயது இளையவன். என்னைக் கண்டால் எழுந்து நின்று, குனிந்து, 'அண்ணே' என்று கூப்பிட வேண்டியவன். அவனைப் போய் நான் நாற்பத்தொரு வருஷமாகத் தாத்தா என்று சொல்லிக்கொண்டிருந்தேன். எனக்கு இருமல் கிடையாது. கைத்தடி கிடையாது. கை நடுக்கம் எல்லாம் படம் போடுகிறவர்கள் கட்டிவிட்ட மிகை. வாரம் இரண்டு தடவை நகராட்சி நீச்சல் குளத்தில் நடக்கிறேன் (நீந்துவது வேறு). இதையெல்லாம் சுமியேயிடம் ஆவேசமாகச் சொல்லி, ஆதாரத்துக்கு அறிமுகத்தைப் படித்துக் காட்டக் கண்ணாடியைத் தேடியபோது, "உங்க கண்ணாடி ஃப்ரிட்ஜுல இருக்கு, முட்ட பக்கத்துல" என்றாள். நெற்றியில் இல்லை என்பதை ஆசிரியர் அவர்கள் கவனிக்க வேண்டும்.

கதை எழுதுகிறவர்களுக்கும் படம் போடுகிறவர்களுக்கும் வயதாவதைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது என்று நான் இங்கே சொல்லியாக வேண்டும். அவர்கள் கதையில் கிழவன் என்றால் ஒன்று இருமுவான், இல்லையென்றால் உபதேசம் செய்வான். நான் இந்த வயதுவரை யாருக்கும் உபதேசம் செய்ததில்லை, ஏனென்றால் யாரும் உட்கார்ந்து கேட்டதில்லை. வளர்வது அதைவிட மோசம். ஒரு பக்கத்தில் குழந்தை முழங்காலைத் தேய்த்துக்கொண்டு அழுகிறது. பக்கத்தைத் திருப்பினால் அதே பிள்ளை மீசையோடு பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரயில் நிலையத்தில் நிற்கிறது, காற்று அடிக்கிறது, எங்கிருந்தோ பூ உதிர்கிறது. இடையில் என்ன நடந்தது என்று கேட்டால் சொல்ல ஆள் இல்லை. நான் முப்பத்தெட்டு வருஷம் கவுன்ட்டருக்குப் பின்னால் உட்கார்ந்து இந்த ஊர் ஜனங்கள் வளர்வதைப் பார்த்தவன். காற்றெல்லாம் அடிக்காது. டோக்கன் எடுத்துக்கொண்டு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, படிவத்தில் ஒரு கட்டத்தை நிரப்பாமல் விட்டு, திட்டு வாங்கி, திரும்ப வரிசையில் நின்றுதான் மனிதர்கள் பெரியவர்கள் ஆகிறார்கள். யுசுகோ ஒருத்திதான் இந்தப் பொய் எதுவும் இல்லாமல் ஒழுங்காக எட்டு வயதிலேயே இருந்தாள். அதனால்தான் அவளை எனக்குப் பிடித்திருந்தது.

அதனால் மட்டும்தானா என்று தாங்கள் கேட்பீர்கள். கேட்க வேண்டாம், சொல்லிவிடுகிறேன். ஆனால் மாப்பிள்ளை (வந்துவிட்டது, போகட்டும்), இதற்குமேல் வருவது செய்தி இல்லை, அச்சில் ஒரு எழுத்து வந்தாலும் அப்புறம் ஊறுகாய் கிடையாது.

முப்பத்தாறு வருஷத்துக்கு முன்னால், கோடைத் திருவிழாவில், நம் நகராட்சி யுசுகோவுக்குக் கௌரவக் குடியுரிமைச் சான்றிதழ் கொடுத்தது நினைவிருக்கும். காகிதக் கூழில் செய்த பெரிய யுசுகோ தலையை மாட்டிக்கொண்டு மீன் கடைக்காரர் மேடை ஏறி வாங்கினார், இறங்கும்போது படியில் விழுந்தார். அந்தச் சான்றிதழைத் தயாரித்தவன் நான். மேயர் என்னைக் கூப்பிட்டு, "இதாகுரா, அசல் மாதிரியே இருக்கணும்" என்றார். அப்போதுதான் பிரிவுக்குப் புதுக் கணினி வந்திருந்தது. பதிவேட்டில் ஆள் இல்லாமல் அது சான்றிதழ் அச்சடிக்க மாட்டேன் என்று அடம்பிடித்தது. சரி, இப்போதைக்குச் சேர்ப்போம், அச்சடித்ததும் எடுத்துவிடுவோம் என்று, சகாகி யுசுகோ, பெண், பிறந்த நாள் டிசம்பர் இருபத்தொன்று (யுசு எலுமிச்சையை வெந்நீரில் மிதக்கவிட்டுக் குளிக்கிற அந்த நாளில் பிறந்ததால்தானே அந்தப் பெயர்), வயது எட்டு என்று தட்டினேன். விலாசம் கேட்டது. அவசரத்துக்கு என் வீட்டு விலாசத்தைக் கொடுத்தேன். சான்றிதழ் அருமையாக வந்தது. மேயர் என் தோளைத் தட்டினார்.

திருவிழா முடிந்து பெயரை நீக்கப் போனால், நீக்குவதற்குக் கணினி இரண்டே காரணம் கேட்டது. ஒன்று, இறந்துவிட்டார். இன்னொன்று, குடிபெயர்ந்துவிட்டார், எங்கே என்று விலாசம் எழுதவும். எட்டு வயதுப் பெண் குழந்தையின் பெயருக்கு எதிரே முதல் காரணத்தை எழுத என் விரல் போகவில்லை, மாப்பிள்ளை. போக அவளுக்கு வேறு விலாசமும் இல்லை. மூன்றாவதாக ஒரு வழி இருந்தது, இது என்னுடைய தவறு என்று மேலதிகாரிக்கு எழுதிக் கொடுப்பது. அரசாங்க ஊழியனிடம் அதையெல்லாம் எதிர்பார்க்கக் கூடாது. நாளைக்குப் பார்க்கலாம் என்று மூடி வைத்தேன். அந்த நாளை இன்னும் வரவில்லை.

பதிவேட்டில் ஏறியவள் வளர ஆரம்பித்தாள். பள்ளிக்கூடப் பிரிவிலிருந்து ஏன் இந்தப் பிள்ளை வரவில்லை என்று காகிதம் வந்தது, உறவுக்காரர் வீட்டில் தங்கிப் படிக்கிறாள் என்று பதில் எழுதினேன். பல் பரிசோதனை, தடுப்பூசி, நடுநிலைப்பள்ளிச் சேர்க்கை என்று ஒவ்வொன்றாக வந்தது. எல்லாவற்றையும் என் மேஜையிலேயே மடக்கிவிட்டேன். இருபது வயதானவர்களை நகர மண்டபத்துக்கு அழைத்து நடத்துகிறோமே பெரியவர்களாகும் விழா, அதன் அழைப்பிதழ் மட்டும் வேறு பிரிவிலிருந்து நேரே தபாலில் போய்விட்டது. சாயங்காலம் வீட்டுக்குப் போனால் சுமியே அதைக் கையில் வைத்துக்கொண்டு நடையில் நிற்கிறாள்.

"யாருங்க இந்த யுசுகோ? இருபது வயசுப் பொண்ணு நம்ம வீட்டு விலாசத்துல எப்படி வந்தா?"

எனக்கு வியர்த்த வியர்வையில் சட்டை ஒட்டிக்கொண்டது. முழுவதையும் சொன்னேன். முதலில் நம்பவில்லை. பிறகு சிரித்தாள், சமையலறைத் தரையில் உட்கார்ந்து சிரித்தாள். "கடைசிப் பக்கத்துல மூணாங்கிளாஸ், தபால்ல இருபது வயசா!" என்று கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். அப்புறம் எழுந்து அந்த அழைப்பிதழை டிராயரில் வைத்தாள். எங்களுக்குக் குழந்தை இல்லாதது தங்களுக்குத் தெரியும். இரண்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம், அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே விட்டுவிட்டோம் என்பது தெரிந்திருக்காது. அந்த ஜனவரியில் விழா நடந்த நாள் சுமியே ரொட்டி வாங்கப் போகிறேன் என்று கிளம்பி, மண்டபத்துக்கு எதிர்ப்பக்கம் பனியில் ஒரு மணி நேரம் நின்றுவிட்டு வந்தாள். நீளக் கை வைத்த கிமோனோ கட்டிக்கொண்டு எல்லாப் பெண்களும் உள்ளே போவதைப் பார்த்தாளாம். "நம்ம பொண்ணு மட்டும் வரல" என்றாள். ரொட்டி வாங்க மறந்திருந்தாள்.

அதிலிருந்து யுசுகோவின் தபாலை அவள்தான் பிரிப்பாள். தேர்தலுக்கு வாக்காளர் சீட்டு வந்தால், "இவ யாருக்குப் போடுவா? பள்ளிக்கூடத்துக்குக் கூரை போடுறேன்னவனுக்குத்தான்" என்று சொல்லி டிராயரில் வைப்பாள். (ஒருமுறைகூட அதைப் பயன்படுத்தவில்லை என்று நகராட்சி முத்திரை மேல் சத்தியம் செய்கிறேன்.) நாற்பது வயதுக்காரர்களுக்கான இலவசப் பரிசோதனைக் கடிதம் வந்த அன்று, "நாப்பதாயிருச்சா இவளுக்கு? இன்னும் கல்யாணப் பேச்சே எடுக்கல!" என்று நிஜமாகவே கவலைப்பட்டாள். இப்படி எங்களுக்குக் காலையில் பத்திரிகையில் எட்டு வயதுப் பெண், மத்தியானம் தபாலில் நாளாக ஆக வயது ஏறுகிற பெண். இரண்டும் ஒருத்திதான். நிம்மதியாக ஓடிக்கொண்டிருந்தது. தாங்கள் அவளை நாலாம் வகுப்பில் கொண்டுபோய் விடும்வரை.

ஏனென்றால், வகுப்பு மாறியதும் நகராட்சியின் விளம்பரப் பிரிவுக்கு ஒரு யோசனை வந்துவிட்டது: யுசுகோவுக்கு ஒன்பது வயது என்று போட்டுக் கௌரவச் சான்றிதழைப் புதுப்பிக்கலாம். அந்தப் பிரிவில் ஓகிஹாரா என்று ஒரு சின்னப் பெண் இருக்கிறாள். பழைய சான்றிதழ் எந்தக் கோப்பில் என்று தேடியிருக்கிறாள். கோப்பில் இல்லை, பெயர் அசல் பதிவேட்டிலேயே இருந்தது. சகாகி யுசுகோ, பெண், நாற்பத்து நான்கு வயது, வசிப்பது இதாகுரா வீடு. பதினேழாம் தேதி வியாழக்கிழமை அவள் ஒரு பெட்டி இனிப்போடு எங்கள் வாசலில் வந்து நின்றாள். நான் காகிதக் கதவுக்குப் பின்னால் இருந்தேன். ஒளிந்திருந்தேன் என்று எழுத மனம் வரவில்லை.

"மன்னிக்கணும்ங்கம்மா, இங்க சகாகி யுசுகோன்னு ஒருத்தங்க இருக்காங்களா?"

'அப்படி யாரும் இல்லம்மா, ஏதோ தப்பு' என்று சுமியே சொல்வாள், அத்தோடு என் மானம் போகும் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"வெளிய போயிருக்கா" என்றாள் தங்கள் அக்கா.

மாப்பிள்ளை, நாற்பத்தைந்து வருஷம் இவளோடு குடித்தனம் செய்தவன், இந்தப் பதிலை நானே எதிர்பார்க்கவில்லை.

"எப்ப வருவாங்க?"

"அது அவ இஷ்டம். நாப்பத்தி நாலு வயசாச்சு, நாம சொன்னா கேக்குற வயசா? உங்கம்மா கேட்டா நீ மட்டும் சொல்லிட்டா போற?"

அந்தப் பெண் திருதிருவென்று விழித்திருக்க வேண்டும். பிறகு மெதுவாக, "இந்த மாசக் கடைசிக்குள்ள அவங்க நேர்ல வந்து கையெழுத்துப் போடணும்ங்க. வரலேன்னா விலாசத்துல இல்லாதவங்கன்னு பேரை எடுத்துருவோம். திங்கக்கிழமை நான் இன்னொரு வாட்டி வர்றேன்" என்றாள். அந்த விதி எனக்கு மனப்பாடம். அந்தக் கையேட்டைத் தட்டச்சு செய்தவனே நான்தான்.

அவள் போனதும் வெளியே வந்து, "ஏன் பொய் சொன்ன?" என்றேன்.

"எது பொய்? வீட்டுல இல்லன்னேன். இருக்காளா?"

"சுமியே..."

"முப்பத்தாறு வருஷமா நம்ம விலாசத்துல இருக்கா. ஒருத்தி வந்து கேட்டா 'அப்படி யாருமே இல்ல'ன்னு என் வாயால சொல்லச் சொல்றீங்களா? நான் சொல்ல மாட்டேன். உங்களால முடிஞ்சா நீங்க போய்ச் சொல்லுங்க" என்று தேநீர்க் கோப்பைகளைக் கழுவப் போய்விட்டாள். ஏற்கெனவே கழுவிய கோப்பைகள் அவை.

என்னாலும் முடியாது. அதனால்தான் இந்தக் கடிதம். என் பெயர் கெடுவது ஒரு பக்கம் இருக்கட்டும், எழுபத்திரண்டு வயதில் எனக்கு என்ன பதவி உயர்வா வரப்போகிறது. மாதக் கடைசியில் அந்தப் பெயருக்கு மேலே ஒரு கோடு விழும். அடுத்த முறை தபால்காரர் வரும்போது எங்கள் இரண்டு பேருக்கு மட்டும்தான் தபால் இருக்கும். அன்றைக்குச் சுமியே முகத்தை நான் எப்படிப் பார்ப்பது?

ஆகவே கனம் பொருந்திய ஆசிரியர் அவர்கள் தயவுசெய்து வரும் வாரமே யுசுகோவை மூன்றாம் வகுப்புக்குத் திருப்பி அனுப்பி உதவ வேண்டும். நாலு கட்டம் போதும். தலைமையாசிரியர் வருகிறார், குனிந்து மன்னிப்புக் கேட்கிறார், பலகை தவறாக மாட்டப்பட்டுவிட்டது என்கிறார், யுசுகோ பழைய டீச்சருக்கு வணக்கம் சொல்கிறாள். அவளுக்கு எட்டு வயதே என்றால் பழைய சான்றிதழே செல்லும், புதுசு வேண்டாம், பதிவேட்டை யாரும் புரட்ட வேண்டாம், அந்தச் சின்னப் பெண் வேறு வேலை பார்க்கப் போவாள். நெமோதோ அம்மா வளர்த்துப் பார்க்க ஆசைப்பட்டால் கென்சோவை வளர்க்கட்டும், அவன் எழுபத்திரண்டு வரைக்கும் வரட்டும், அப்போது தெரியும். மறுத்தால், நாற்பத்தொரு வருஷச் சந்தாவை நிறுத்திவிட்டு எதிர்ப் பத்திரிகைக்குப் போய்விடுவேன் என்பதை வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறேன். புதுச் சந்தாவுக்கு அவர்கள் மூன்று பெட்டி சலவைத்தூள் தருகிறார்கள்.

தங்கள் பத்திரிகை பெருகட்டும், தங்கள் இரத்த அழுத்தம் இறங்கட்டும், தங்கள் பெண்டு பிள்ளைகள் கோடை முழுக்கக் கொசுக்கடி இல்லாமல் உறங்கட்டும் என்று மனமார வாழ்த்தி,

தாழ்மையுள்ள,
இதாகுரா மிட்சுனோரி
(வாசகன், உறவு முறையில் அத்தான்)

பின்குறிப்பு, ஏப்ரல் 21, திங்கள்.

மேலே எழுதிய எதையும் செய்ய வேண்டாம். தபால்தலை ஒட்டிவிட்டதால் மட்டுமே கடிதத்தை அனுப்புகிறேன்.

இன்று காலை பத்து மணிக்கு ஓகிஹாரா வந்தாள். சுமியே அவளை உள்ளே கூப்பிட்டு, உட்கார வைத்து, தேநீர் ஊற்றி, அவள் எதிரே ஒரு படிவத்தை வைத்தாள். குடிபெயர்வு அறிவிப்பு. நகராட்சிக்குப் போய் டோக்கன் எடுத்து வாங்கி வந்திருக்கிறாள், எனக்குத் தெரியாது. பெயர், சகாகி யுசுகோ. காரணம் என்ற இடத்தில் வேலை, திருமணம், படிப்பு என்று இருக்கும் மூன்றில் படிப்புக்கு எதிரே குறி. போகும் விலாசம்: சகாகி வீடு, பாலத்துக்கு இந்தப் பக்கம், ஹமாசே நாளிதழ், கடைசிப் பக்கம். முப்பத்தாறு வருஷமாக எனக்குத் தோன்றாத விலாசம். பெயருக்குப் பக்கத்தில், கையெழுத்துக்குப் பதிலாகக் குத்துகிற இடத்தில், சிவப்பாக, வட்டமாக, சகாகி என்று முத்திரை.

எங்கள் வீட்டில் அப்படி ஒரு முத்திரை கிடையாது. போலி முத்திரையைப் பத்தடி தூரத்திலிருந்து பிடிக்கிறவன் நான். இது போலி இல்லை, நல்ல மரத்தில் ஆள் வைத்துச் செதுக்கியது. "இது ஏது?" என்றேன்.

"அவளுக்கு இருபது வயசானப்ப செய்ய வெச்சேன். எல்லா வீட்டுலயும் பொண்ணு பெரியவளானா செஞ்சு குடுக்கிறாங்கல்ல" என்றாள், உப்பு எங்கே என்று கேட்டால் சொல்கிற குரலில்.

இருபத்துநான்கு வருஷம். அந்தச் சின்னப் பெட்டி அவள் தையல் டப்பாவுக்குள் இருந்திருக்கிறது. இந்த மாதம் நான் பட்ட அதிர்ச்சிகள் எல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

ஓகிஹாரா படிவத்தை இரண்டு தடவை படித்தாள். சட்டம் பேசப் போகிறாள் என்று நினைத்தேன். "இந்த விலாசம் எனக்குத் தெரியும்ங்க. எழுத்துக் கூட்டிப் படிக்கிற வயசுலேருந்து தினமும் காலையில போயிட்டு வர்ற வீடு" என்றாள். பிறகு அலுவலக முகத்தை மாட்டிக்கொண்டு, "ஆனா ஒரு கட்டம் நிரப்பாம விட்டிருக்கீங்க. கெளம்பிப் போன தேதி" என்றாள். சுமியே பேனாவை என் பக்கம் தள்ளினாள்.

"நீங்க எழுதுங்க. நீங்கதான சேத்தீங்க."

ஏப்ரல் 8 என்று எழுதினேன். எட்டு கோணலாக விழுந்தது. கென்சோவின் கை நடுக்கத்தைப் பற்றி மேலே நான் எழுதியிருப்பதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். ஓகிஹாரா 'பெறப்பட்டது' என்று அடித்து, குனிந்து வணக்கம் சொல்லிவிட்டுப் போனாள். "அவ்வளவுதானா?" என்று கேட்டேன். "பொண்ணுன்னா ஒரு நாள் பெட்டியத் தூக்கிட்டுக் கெளம்பத்தான செய்வா" என்று சொல்லிவிட்டு சுமியே கோப்பைகளை எடுத்தாள். இந்த முறை நான் கழுவினேன்.

மாப்பிள்ளை, இத்துடன் ஒரு சின்ன மரப்பெட்டி வருகிறது. உள்ளே அந்த முத்திரை இருக்கிறது. நெமோதோ அம்மாவிடம் கொடு. அவர் வருஷத்துக்கு ஒரு வகுப்பு என்ற கணக்கை மாற்றாமல் இருந்தால், இன்றிலிருந்து பதினோராவது ஜனவரியில் யுசுகோ நகர மண்டபத்துக்குப் போக வேண்டும். அன்று அவளிடம் கொடுக்கச் சொல். அதுவரை அவர் பேனாவைக் கீழே வைக்கக் கூடாது, அப்போது எண்பத்தொன்பது வயதாகும் என்றெல்லாம் சாக்குச் சொல்லக் கூடாது. எனக்கும் எண்பத்து மூன்றுதான் ஆகும். சந்தாவைப் பதினோரு வருஷத்துக்கு நீட்டித்துக்கொள்.

அழைப்பிதழ் மட்டும் எங்களிடமே இருக்கட்டும். யுசுகோ பெயரில் வந்த அந்தப் பழைய அழைப்பிதழ் டிராயரில் பத்திரமாக இருக்கிறது. போன முறை உன் அக்கா தெருவுக்கு எதிர்ப்பக்கம் நின்றுவிட்டுத் திரும்பி வந்தாள். இந்த முறை வாசலில் யாராவது நிறுத்திக் கேட்டால் அவள் கையில் காட்ட ஒன்று வேண்டும்.